மணல் சோறும் மணிக்கூண்டும்

2015-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி, புதன்கிழமை. அன்று மாலை 4 மணி 29 நிமிஷத்துக்கு, அமெரிக்காவிலும் இன்னும் பல தேசங்களிலும் ஜனங்கள் இரண்டு பேரை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். ஒருவன் பதினேழு வயதுப் பையன். மற்றவர் வெள்ளைத் தலைமயிர் நாலா பக்கமும் பறக்கிற ஒரு கிழ விஞ்ஞானி. இருவரும் வானத்திலிருந்து ஒரு காரில் வந்து இறங்கவேண்டும். இறங்கவில்லை. இறங்கமாட்டார்கள் என்பது காத்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அப்படி இரண்டு பேர் உலகத்தில் பிறக்கவே இல்லை. இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நேரம் வந்ததும் கைதட்டினார்கள்.

விஷயம் ஒரு சினிமாப் படம். ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ என்று பெயர். 1985 ஜூலையில் வெளிவந்தது. ராபர்ட் ஸெமெக்கிஸ் டைரக்ட் செய்தார். அவரும் பாப் கேலும் சேர்ந்து கதை எழுதினார்கள். மார்ட்டி என்ற பையன், டாக் பிரவுன் என்ற விஞ்ஞானி செய்த காரில் ஏறி, 1985-இலிருந்து 1955-க்குப் போய் விழுந்துவிடுகிறான். அங்கே அவனுடைய தாயும் தகப்பனும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இருக்கிறார்கள். இவன் குறுக்கே புகுந்ததில் அவர்களுடைய காதல் தடைப்பட்டுப் போகிறது. அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளாவிட்டால் இவன் ஏது? சட்டைப்பையிலிருக்கும் போட்டோவில் அண்ணன் மறைகிறான், அக்கா மறைகிறாள், அடுத்தது இவன்தான். பெற்றவர்களுக்குத் தானே தரகனாக இருந்து முடிச்சுப் போட்டுவிட்டு, ஒரு மின்னலின் சக்தியைப் பிடித்துக்கொண்டு அவன் ஊர் திரும்புவதுதான் கதை. 1989-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் எதிர்காலத்துக்குப் போகிறான். அவன் போய் இறங்கும் நாள்தான் மேலே சொன்ன நாள்.

படம் எடுத்தவர்களுக்கு அது ஒரு தூரத்துத் தேதி, அவ்வளவுதான். ஆனால் தேதிக்கு ஒரு குணம் உண்டு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் வந்தே விட்டது. அப்போது ரசிகர்கள் அடித்த கூத்தைச் சொல்லி முடியாது. விர்ஜீனியா மாகாணத்தில் ரெஸ்டன் என்ற ஊர், படத்தில் வருகிற கற்பனை ஊரான ‘ஹில் வாலி’யின் பெயரைச் சில நாட்களுக்குத் தனக்கே சூட்டிக்கொண்டது. மறுநாள் ‘யுஎஸ்ஏ டுடே’ பத்திரிகை, படத்தில் காட்டப்பட்ட தன்னுடைய கற்பனை இதழைப் போலவே ஒரு முன்பக்கம் அச்சடித்து, நிஜமான செய்திகளுக்கு மேலே உறை மாதிரிச் சுற்றி அனுப்பியது. மார்ட்டியாக நடித்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸும் டாக் பிரவுனாக நடித்த கிறிஸ்டபர் லாய்டும் பழைய வேஷத்திலேயே ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில் காரில் வந்து இறங்கினார்கள். இன்னொரு வேடிக்கை. அந்த 2015-ஆம் வருஷம் சிகாகோவின் ‘கப்ஸ்’ கோஷ்டி பேஸ்பாலின் மிகப் பெரிய பட்டத்தை ஜெயிக்கும் என்று படத்தில் ஒரு கேலி வரும். கேலிதான், ஏனென்றால் அவர்கள் 1908-க்குப் பிறகு அதை ஜெயித்ததே இல்லை. அந்த வருஷம் பார்த்து கோஷ்டி வெகுதூரம் முன்னேறியும்விட்டது! ரசிகர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சரியாக அக்டோபர் 21-ஆம் தேதி இரவே நியூயார்க் ‘மெட்ஸ்’ கோஷ்டியிடம் தோற்று வெளியேறினார்கள். அடுத்த வருஷம், 2016-இல், நிஜமாகவே ஜெயித்தார்கள். கதாசிரியர் ஒரு வருஷம் கணக்குத் தவறிவிட்டார் என்று ரசிகர்கள் சொல்லிக்கொண்டார்களாம்.

இதையெல்லாம் நான் ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் நண்பர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வேர் வரைக்கும் தோண்டிப் பார்க்காமல் விடமாட்டார்.

“நம்பிக்கையோட கொண்டாடினா அதுக்கு ஓர் அர்த்தம் இருக்கு. மூடநம்பிக்கைன்னு திட்டவாவது திட்டலாம். இவங்க நம்பவும் இல்லை, கொண்டாடவும் கொண்டாடறாங்க. இதுக்குப் பேர் பாசாங்கு இல்லையா? நீங்க கதை எழுதறவர், உங்களுக்குப் பொய்மேல ஒரு பாசம் இருக்கும். எனக்கு இல்லை” என்றார்.

“புலவரே, மணல் சோறு சாப்பிட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் சிரித்தார். பேரன் பேத்தி எடுத்தவர். சாப்பிடாமல் இருந்திருப்பாரா?

வாசலில் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்று மூன்று கல்லைக் கூட்டி, கொட்டாங்கச்சியில் மணலை வைத்துச் சமைக்கிறது. நம்மை உட்காரச் சொல்லி இலை போட்டுப் பரிமாறுகிறது. நாம் வாயருகே கையைக் கொண்டுபோய் மென்று, “உப்புக் கொஞ்சம் கம்மியம்மா” என்கிறோம். குழந்தை இன்னும் ஒரு சிட்டிகை மணலைத் தூவுகிறது. இப்போது யார் யாரை ஏமாற்றினார்கள்? நாம் அந்த மணலை நிஜமாகவே வாயில் போட்டுக்கொண்டோமானால் குழந்தை என்ன செய்யும் தெரியுமா? “அம்மா, தாத்தா மண்ணைத் திங்கறாரு!” என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடும். அது சோறு இல்லை என்பது நம்மைவிட அதற்கு நன்றாகத் தெரியும். சோறு என்று நம்பிவிடுகிறவன் அந்த விளையாட்டைக் கெடுக்கிறான்; “சீ, இது மணல்” என்று தட்டிவிடுகிறவனும் கெடுக்கிறான். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. மனுஷ ஜாதி அந்த இடத்தைக் கண்டுபிடித்திராவிட்டால் பொம்மலாட்டம் கிடையாது, தெருக்கூத்துக் கிடையாது, என் பிழைப்பும் கிடையாது.

என் தொடர்கதை ஒன்றில் ஒரு கிழவி சாகக் கிடந்தாள். ஓர் அம்மாள் எனக்குக் கடிதம் எழுதினார்: “என் பெண் பிரசவத்துக்கு ஊருக்கு வருகிறாள். அவளும் படிக்கவேண்டும். கிழவியை இன்னும் இரண்டு வாரமாவது வைத்திருங்கள்.” அந்த அம்மாளுக்குக் கிழவி நிஜம் என்ற மயக்கம் இருந்தால் டாக்டரைக் கூப்பிடச் சொல்லியிருப்பார். வெறும் காகிதம் என்று நினைத்திருந்தால் கடிதமே எழுதியிருக்க மாட்டார். கிழவி மூன்று வாரம் இருந்தாள்.

‘பேக் டு தி ஃப்யூச்சர்’ ரசிகர்களும் அந்த நடு இடத்தில் குடியிருப்பவர்கள்தாம். அவர்கள் காரைப் பாருங்கள். படத்தில் கால யந்திரமாக வருவது டெலோரியன் என்ற மோட்டார். வட அயர்லாந்தில், பெல்பாஸ்ட் நகரத்தை ஒட்டிய டன்மரியில், 1981-இலும் 1982-இலும் ஏறக்குறைய 9,000 கார்கள் செய்தார்கள். துருப்பிடிக்காத எஃகு உடம்பு, சிறகு மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும் கதவுகள். பார்க்க அழகு, வியாபாரம் நடக்கவில்லை. 1982-லேயே கம்பெனி திவாலாகிவிட்டது. படம் வரும்போது அது செத்துப்போன கார். இன்று அதைத் தேடிப் பிடித்து வாங்கி, உள்ளே தேதி காட்டும் பெட்டிகளையும் வயர்களையும் குழாய்களையும் படத்தில் உள்ளபடியே அணு அணுவாகப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கதையில் அந்தக் கார் மணிக்கு 88 மைல் வேகம் தொட்டால்தான் காலத்தைத் தாண்டும். ஆனால் அமெரிக்காவில் விற்ற டெலோரியனின் வேகமானியில் கடைசி எண் 85! அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. படத்துக்காக அந்த வேகமானியையே மாற்றவேண்டியிருந்தது. ஆகவே ரசிகனும் தன் காரில் அதை மாற்றுகிறான். பறக்காத கார், தாண்டாத காலம். ஆனால் முள் மட்டும் 88-ஐக் காட்ட இடம் இருக்கவேண்டும். இந்தச் சிரத்தையைப் பாசாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாசாங்குக்காரன் இவ்வளவு உழைக்கமாட்டான்.

கதையில் ஓட்டை கண்டுபிடிப்பதும் இவர்களுக்கு ஒரு கொண்டாட்டம். 1955-இல் தங்களைச் சேர்த்து வைத்த பையனின் முகமே, பிற்பாடு தங்கள் வீட்டில் வளரும் பிள்ளைக்கும் இருக்கிறதே, பெற்றவர்கள் ஏன் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று கேட்டார்கள். பாப் கேல் 2020-இல் பதில் சொன்னார்: அவர்கள் அவனோடு பழகியது ஒரு வாரம்தான், பதினேழு வயதில் ஒரு வாரம் பழகியவனின் முகம் உங்களுக்கு அச்சாக நினைவிருக்குமா? இது ஓட்டையை அடைக்கச் சொன்ன சாமர்த்தியமான பதில்தான். ஆனாலும் என்னை அது கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்துவிட்டது. எனக்குப் பதினேழு வயதில் ரயிலில் இரண்டு நாள் கூடவே வந்த ஒருவனை இந்த ஜன்மத்தில் மறக்கமாட்டேன் என்று நினைத்திருந்தேன். இப்போது அவன் மூக்கு எப்படி இருந்தது என்றுகூடச் சொல்லத் தெரியாது.

சரி, புலவரின் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. எல்லா விளையாட்டும் மணல் சோறு ஆகிவிடுமா? ஆகாது. இலை போடப்படாத ஒருவன் வாயில் மணலைத் திணித்தால் அது விளையாட்டல்ல. இதே ரசிகர் உலகத்திலிருந்தே அதற்கும் சாட்சி எடுக்கலாம்.

2010-இல் ஒரு தடவை, 2012-இல் ஒரு தடவை, படத்தில் காரின் தேதிப் பெட்டி தெரிகிற காட்சியை எடுத்து, அதில் அன்றைய தேதியைப் பொருத்தி, “மார்ட்டி எதிர்காலத்துக்குப் போன நாள் இன்றுதான்” என்று இணையத்தில் பரப்பிவிட்டார்கள். லட்சோப லட்சம் பேர் நம்பி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். இதில் பெரிய நஷ்டம் யாருக்கும் இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் ஆட்டம் மாறிவிட்டதைக் கவனியுங்கள். முன்னே எல்லோரும் சேர்ந்து ஒரு பொய்யைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இங்கே தெரிந்தவன் ஒரு பக்கம், தெரியாதவன் ஒரு பக்கம். ரசிகர்கள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கோபித்துக்கொள்ளவில்லை, எந்த நாளானாலும் அந்த நாளின் தேதியைப் போட்டு அதே படத்தை வெளியிட ஆரம்பித்துவிட்டார்கள். தினந்தோறும் எதிர்காலம் வந்தது. பொய்யை மறுபடியும் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள்.

ஸெமெக்கிஸ் செய்த ஒரு காரியம் இதைவிடச் சிக்கல். இரண்டாம் பாகத்தில் மார்ட்டி சக்கரமில்லாத ஒரு பலகையில் நின்று தரைக்கு மேலே மிதந்து போவான். கயிறும் தந்திரமும்தான். அந்தப் பலகைகள் வெகு நாளாகவே இருக்கின்றன என்றும், பெற்றோர் சங்கங்கள் ஆட்சேபித்ததால்தான் கடைக்கு வரவில்லை என்றும் 1989-இல் படத்தைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியில் அவர் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். பெரியவர்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டார்கள். எத்தனையோ பிள்ளைகள் நம்பினார்கள். கண் சிமிட்டுவது குழந்தைக்குப் புரியாது. 2014-இல் இன்னொரு கூட்டம் அப்படிப்பட்ட பலகை நிஜமாகவே வந்துவிட்டதாக ஒரு படம் பிடித்துக் காட்டியது. அதில் மிதப்பதுபோல் வந்த டோனி ஹாக், சறுக்குப் பலகை விளையாட்டில் உலகப் புகழ் பெற்றவர், பின்னால் மன்னிப்புக் கேட்டார். கேட்கவேண்டியதுதான்.

இந்த ஸெமெக்கிஸும் பாப் கேலும்தான் அதற்கு முன்னால் வேறொன்றும் செய்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. முதலில் எழுதிய கதையில் கால யந்திரம் கார் அல்ல, குளிர்சாதனப் பெட்டி. மார்ட்டி அதற்குள் புகுந்துகொண்டுதான் தன் காலத்துக்குத் திரும்பவேண்டும். இதைப் பார்த்துவிட்டு எந்தக் குழந்தையாவது வீட்டுப் பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன ஆவது என்ற பயம் வந்தது. பெட்டியை எடுத்துவிட்டுக் காரை வைத்தார்கள். இன்று ரசிகர்கள் உயிராய்க் கொண்டாடுகிற அந்தக் கார், முகம் தெரியாத ஒரு குழந்தை மூச்சுமுட்டிப் போய்விடக் கூடாதே என்ற கவலையில் வந்த கார்! யாரோ தன் கதையை வைத்து விளையாடப் போகிறார்கள் என்று எழுதும்போதே நினைத்துப் பார்க்கிற மனசு எல்லா எழுத்தாளனுக்கும் வாய்ப்பதில்லை. எனக்குத் தெரிந்து, கதை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. கதை போய்ச் சேருகிற வீட்டில் கதவு எப்படிச் சாத்தும் என்று பார்ப்பவர்கள் குறைவு.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? படத்தில் 2015-இல் மார்ட்டி கேட்டு வாங்குகிற ‘பெப்ஸி பெர்ஃபெக்ட்’ புட்டி மாதிரியே 6,500 புட்டிகள் செய்து, ஒன்று 20 டாலர் 15 சென்ட் என்று, வருஷத்தையே விலையாக்கி விற்றார்கள். கிடைத்தவர்கள் குதித்தார்கள், கிடைக்காதவர்கள் வைதார்கள். எனக்கு இதில் பெரிய ஆட்சேபம் இல்லை. திருவிழா என்றால் கடை வரும். ஆனால் திருவிழாவைக் கடைக்காரன் நடத்துவதாக அவனே நினைத்துக்கொள்ளும்போதுதான் சகிக்கவில்லை.

காசு பணம் அதிகம் புழங்காத ஒரு விளையாட்டு இருக்கிறது. எல்லாவற்றிலும் எனக்கு அதுதான் ஒசத்தி. படத்தில் ஹில் வாலி ஊரின் கோர்ட்டுக் கட்டிடத்து மணிக்கூண்டில் 1955 நவம்பர் 12-ஆம் தேதி இரவு 10 மணி 4 நிமிஷத்துக்கு மின்னல் விழுந்து கடிகாரம் நின்றுவிடும். முப்பது வருஷம் கழித்து மேயர் அதை எடுத்துவிட்டு வேறு கடிகாரம் வைக்கப் பார்க்கிறார். ஊர்ப் பெண்மணி ஒருத்தி தகர உண்டியலைக் குலுக்கிக்கொண்டு, “மணிக்கூண்டைக் காப்பாற்றுங்கள்” என்று நோட்டீஸ் கொடுக்கிறாள். அவள் கேட்பது ரிப்பேருக்குப் பணம் அல்ல. நின்றுபோன கடிகாரம் நின்றபடியே இருக்கட்டும், அது எங்கள் ஊரின் சரித்திரம் என்கிறாள்! மார்ட்டி தொல்லை விட்டால் போதும் என்று ஒரு காசைப் போட்டுவிட்டு நோட்டீஸை வாங்குகிறான். காதலி அதன் பின்பக்கத்தில் டெலிபோன் நம்பர் எழுதிக் கொடுத்ததால்தான் அது அவன் பையில் தங்குகிறது. அப்புறம் அவன் 1955-இல் மாட்டிக்கொண்டு தவிக்கும்போது, மின்னல் எங்கே, எத்தனை மணிக்கு விழும் என்று சொல்லிக் கரையேற்றுவது அந்தத் துண்டுக் காகிதம்தான்.

அந்த நோட்டீஸை ரசிகர்கள் அச்சடித்து வைத்துக்கொள்கிறார்கள். கூடுகிற இடங்களில் அந்தப் பெண்மணியைப் போலவே கூவிக்கொண்டு கொடுக்கிறார்கள். வாங்குகிறவனும் அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறான். காப்பாற்ற அப்படி ஒரு மணிக்கூண்டு எந்த ஊரிலும் இல்லை. யுனிவர்ஸல் ஸ்டூடியோவில் முன்பக்கம் மட்டும் எழுப்பிய ஒரு கட்டிடம்தான் உண்டு. புலவரிடம் இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. “நின்ன கடிகாரத்தை நின்னபடியே காப்பாத்தணுமா?” என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டார். அவருடைய சம்சாரம் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அந்த அம்மாளின் மூக்குக்கண்ணாடி இன்னும் அவருடைய மேஜைமேல் அதே இடத்தில் இருக்கிறது. நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

காலத்தைத் திருப்புகிற கதையில் நடித்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸின் விஷயத்தில் காலம் இரக்கம் காட்டவில்லை. 1991-இல், 29 வயதில், அவருக்குப் பார்க்கின்ஸன் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நம் பக்கத்தில் நடுக்குவாதம் என்பது அதுதான். 1998-இல் அவர் அதை உலகத்துக்குச் சொன்னார். 2000-இல் அந்த நோய்க்கு மருந்து தேடுவதற்கென்றே ஒரு நிதி நிறுவனம் ஆரம்பித்தார். ரசிகர்களின் விளையாட்டெல்லாம் மெள்ள மெள்ள அந்தப் பக்கம் திரும்பியது. டெலோரியன் வைத்திருப்பவர்கள் ஊர் ஊராகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, பார்க்க வருகிறவர்களிடம் அந்த நிதிக்கு வசூல் செய்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் மார்ட்டி காலை நுழைத்ததும் தானே கயிறு இறுக்கிக்கொள்ளும் ஒரு பூட்ஸ் வரும். படப்பிடிப்பில் கீழே ஆட்கள் ஒளிந்திருந்து இழுத்ததுதான் அந்த மாயம். 2011-இல் நைக்கி கம்பெனி அதே தோற்றத்தில் 1,500 ஜோடி செய்து ஏலம் விட்டது. கயிறு தானாக இறுகாது, வெறும் தோற்றம்தான். ஆனாலும் 47 லட்சம் டாலர் சேர்ந்தது. அத்தனையும் நிதிக்குப் போயிற்று.

2015 அக்டோபர் 21-ஆம் தேதி, நான் முதலில் சொன்ன அதே நாள், நிஜமாகவே தானாக இறுக்கிக்கொள்ளும் பூட்ஸின் முதல் ஜோடியை ஃபாக்ஸிடம் கொடுத்தார்கள். அவர் அதைப் போட்டுப் பார்ப்பதைப் படம் பிடித்திருக்கிறார்கள். அவர் உடம்பு ஆடிக்கொண்டிருக்கிறது. கயிறு கட்டுவது அந்த விரல்களுக்குச் சுலபமான காரியமாக இருக்க முடியாது. காலை உள்ளே விடுகிறார். யாரும் கீழே ஒளிந்துகொண்டிருக்கவில்லை. கயிறு தானே இறுகுகிறது. அவர் சின்னப் பையன் மாதிரிச் சிரிக்கிறார்.

அடுத்த வருஷம் அந்தப் பூட்ஸில் 89 ஜோடிதான் செய்தார்கள். சீட்டு ஒன்று 10 டாலர் என்று குலுக்கல் நடந்தது. 67 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சீட்டு விற்றது. கணக்குப் போட்டுப் பார்த்தால், தனக்கு பூட்ஸ் விழாது என்று தெரிந்தேதான் அநேகமாக எல்லோரும் வாங்கியிருக்கவேண்டும்.